இரண்டாம் பக்கம்

கொக்கோமோவில் ஒரு வீட்டைக் காலி செய்து விற்றார்கள்.
தணிகை பதினோரு டாலருக்கு
சூட்கேஸ் கனத்தில் ஒரு பிளேயர் வாங்கினான்.
முப்பத்தெட்டுப் படத்தட்டுகள் இலவசம்.
வேண்டாமென்றால் குப்பைக்கு, என்றாள் விற்றவள்.

லேசர் இல்லை இதில். ஊசி.
இசைத்தட்டு போலத்தான், ஆனால் பள்ளத்துக்குள்
குதிரை, புழுதி, யாரோ யாரையோ அறைவது.
கை படக்கூடாது.
உறையோடு ஊட்டினால்
தட்டை விழுங்கி உறையைத் துப்பும்.
திரும்ப வேண்டுமானால் வெற்று உறையை நீட்ட வேண்டும்,
கடன் கேட்பவர் மாதிரி.

ஒரு பக்கம் ஒரு மணி நேரம்தான் தாங்கும்.
துப்பாக்கியை உயர்த்தியவன் உயர்த்தியபடி இருக்க
திரை இருண்டுவிடும்.
யாராவது எழுந்துபோய்த் திருப்ப வேண்டும்.
"நீ போ."
"போன தடவையும் நான்தான்."

மூன்றாவது படத்தில்தான் பார்த்தோம்:
ஒவ்வொரு உறையின் முதுகிலும் பென்சில் எழுத்து.
டபிள்யூ. டி. டபிள்யூ. டி.
பக்கத்தில் தேதி.
எழுந்துபோனவர் கணக்கு.
ஓரிடத்தில் உருண்டையான ஒரு டி,
அதன் அருகே, வலப்பக்கம் சாய்ந்த வேறு கையெழுத்தில்:
பொய்!
தணிகை சிரித்துத் தேநீரைக் கொட்டினான்.

அடியிலிருந்த உறைகளில் பென்சில் இல்லை, பால்பாயின்ட்.
டி. டி. டி. டி.
எண்பத்தொன்பது முழுக்க டி,
தொண்ணூறில் மார்ச் வரை.
"வால்டரோ வில்லியமோ, ஓடிப்போயிட்டான்" என்றான்.
செத்திருப்பார் என்றேன்.
எழுந்துபோக வேறு ஆளில்லாத வீட்டில்
எதற்குக் கணக்கு என்று மட்டும்
இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை.

நேற்று முதல் பக்கம் முடியும் முன்பே
தூங்கிவிட்டான், வாய் திறந்து.
இரவு ஷிப்டு இரண்டு வாரமாக.
வெளியே பனி வாரும் வண்டி
சாலையைச் சுரண்டிக்கொண்டு போனது.
நான் எழுந்தேன். உறையை நீட்டினேன்.
திருப்பினேன்.
சமையலறை டிராயரில் பேனா கிடைத்தது.
போனது நான்.
எழுதினது: த.

மூடியை மூடும்போதுதான் கண்ணில் பட்டது,
மேலே வரிசையாக நின்ற அந்த டி-க்கள்.
ஒன்றுகூட உருண்டை இல்லை.
எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருந்தன.