முப்பது விநாடி தூங்கு

புரேலாவில் இரவு மூன்று பத்துக்கு மின்சாரம் போனது.
மூன்று பதினேழுக்கு வந்தது.
அந்த ஏழு நிமிடமும்
ஏலக்கூடத்தின் தகரக் கதவைக்
காற்று பிடித்து உலுக்கியது,
உள்ளே யாரோ அதற்குக் கடன்பட்டிருப்பதைப் போல.

கணினி தானாகவே எழுந்தது.
அதன் பின்கட்டில் பதினொரு சேவைகள்.
பந்திக்கு முந்து என்று
யார் சொல்லிக்கொடுத்தார்களோ,
ஒரே மூச்சில் ஓடிவந்து உட்கார்ந்தன.
இலை போடவில்லை இன்னும்.
தரவுக்கிடங்கு கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க
தராசுச் சேவை போய்க் கதவைத் தட்டியது,
மூன்று முறை தட்டியது,
அங்கேயே செத்து விழுந்தது.
அச்சுப்பொறி மட்டும் உற்சாகமாக
வெற்றுச் சீட்டுகளை அடித்துத் தள்ளியது,
தரையெல்லாம்.

நான்கு மணிக்கு என்னை எழுப்பினார்கள்.
"தரேஷா, நோவா மரூஷா முனையைத் தாண்டிவிட்டது.
இரண்டு டன் மெர்லூசா.
ஆறு மணிக்கு ஏலம்."

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவன் ஊஷியோ.
இப்போது வீகோவில், காப்பீட்டு நிறுவனத்தில்.
அவன் விட்டுப்போன கோப்பில் ஒரு வரி இருந்தது:
முப்பது விநாடி தூங்கு.
பக்கத்திலேயே ஒரு குறிப்பு:
ஏன் என்று கேட்காதே. தொடாதே.

மூன்று வாரத்துக்கு முன் நான் தொட்டேன்.
யோசிக்கத் தெரியாதவன்தான்
தூங்கச் சொல்வான் என்று சிரித்துக்கொண்டே
அந்த வரியை அழித்தேன்.
முறையாக எழுதினேன்:
வலை முதலில்,
பிறகு தரவுக்கிடங்கு,
பிறகு தராசு.
(துறைமுகத்தில் இதைப் படித்தால்
வலை முதலில் என்பதற்கு மட்டும் தலையாட்டுவார்கள்.)

பிறகு.
எவ்வளவு சோம்பேறியான சொல் அது.
ஒன்றின் பின் ஒன்றை நிறுத்தும், அவ்வளவுதான்.
முன்னால் நிற்பவன் செத்தானா இருக்கிறானா
பார்க்காது.
தரவுக்கிடங்கும் பொய் சொல்லவில்லை.
"எழுந்துவிட்டேன்" என்றது,
போர்வைக்குள் இருந்தபடி
நானும் என் அம்மாவுக்குச் சொன்ன அதே
"எழுந்துவிட்டேன்."

ஆகவே மாற்றினேன்:
எழுந்தால் போதாது, கேட்டால் பதில் வரவேண்டும்,
அதுவரை தராசு வாசலிலேயே நிற்கட்டும்.
நிஜ மின்வெட்டைப் போலவே இருக்கட்டும் என்று
பிளக்கைப் பிடுங்கி, ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணி,
செருகினேன்.
பதினொன்றும் பச்சை.
மணி ஐந்து பத்து.
என்னை நானே மெச்சிக்கொண்ட நேரம்
ஏறத்தாழ இரண்டு நிமிடம்.

முதல் பெட்டி தராசில் ஏறியது.
சீட்டைக் கிழித்துப் பார்த்த ஜெல்சினு,
காபோ வெர்தேக்காரன், பதினாறு நாள் தாடியோடு,
வாய்விட்டுப் படித்தான்:
"பிடித்த தேதி,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று."
பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.
"எனக்கு நாற்பத்தாறு வயது.
இந்த மீன் எனக்கு அண்ணன்."

கூடம் சிரித்தது. பனிக்கட்டி அள்ளுபவர்கள் கூட.
நான் சிரிக்கவில்லை.

கடிகாரத்தின் மின்கலம் எப்போதோ தீர்ந்திருக்கிறது.
மின்சாரம் போகும்போதெல்லாம்
இந்தக் கணினி காலத்தின் தொடக்கத்துக்கே போய்,
வலையின் வழியே
யாரிடமோ நேரம் கேட்டுத் திரும்பி வருகிறது.
இருபத்திரண்டு விநாடி ஆகிறது, எண்ணிப் பார்த்தேன்.
தராசோ விழிக்கும்போது ஒரே ஒருமுறை தேதி கேட்கும்,
அப்புறம் நாள் முழுக்க யாரையும் கேட்காது.
இருபத்திரண்டு.
அவன் முப்பது வைத்திருந்தான்.

கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்:
மணி சரியான பிறகே தராசு.
ஏன் என்பதையும் நான்கு வரி எழுதினேன்,
விரல்கள் மீன்வாடை அடிக்க.
ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு ஏலப்பலகை ஒளிர்ந்தது,
விலை மேலிருந்து இறங்கத் தொடங்கியது.

ஊஷியோவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.
மன்னிப்பு மாதிரி இருக்கக்கூடாது,
ஆனால் இருந்தது:
"கடிகாரத்துக்காகத்தானே அந்த முப்பது விநாடி?"

எட்டரைக்குப் பதில் வந்தது.

"எந்தக் கடிகாரம்?"