வெல்க்ரோ

குமார் நகர் சிக்னலில் பிரேக் மிதித்தால்
ஆம்னியின் பின்னால் ரப்பர் விரிப்பு
என்னோடு நிற்காது,
அரையடி தள்ளித்தான் நிற்கும்.
அடுக்கிய கட்டிங் பண்டில் சரிந்து
முப்பத்தெட்டின் இடக்கை
நாற்பதின் நெஞ்சில் கிடக்கும்.
"ஏனுங்ணா, ஆளையே வெட்டிப் போட்டுக் கொண்டாந்துட்டீங்களா?"
என்பார் செக்கிங் கனகமணி.

செங்கல் வைத்தேன்.
செங்கலும் சேர்ந்து வந்தது.
இருபக்க டேப் ஒட்டினேன்.
சித்திரை வெயிலில் பாகாய் இளகி
செருப்பைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தது.

கடைசியில் கனகமணியே கொடுத்தார்
ரிஜெக்டான வெல்க்ரோ ஒரு சுருள்:
பனி விழும் ஊர்ப் பிள்ளை எதற்கோ
கோட்டுக் கழுத்தை மூட வேண்டியது,
நிறம் ஒரு சாயல் பிசகி
காதர்பேட்டைக்கும் போகாமல் கிடந்தது.
தகரத்தில் முள்பக்கம்,
விரிப்பின் வயிற்றில் பஞ்சுப்பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கழுவ உரித்தால்
சர்ர்ரென்று சத்தம்.
எங்கோ ஒரு வகுப்பறை வாசலில்
யாரோ கோட்டைக் கழற்றுகிற மாதிரி.

மற்ற நாளெல்லாம் அசைவதில்லை.
பல்லடம் ரோட்டுக் குழியிலும் ஊமை.
அப்புறம்தான் காதில் விழுந்தது
இத்தனை நாள் அதன் இழுபறியில் மறைந்திருந்த
வலது பின்சக்கரத்தின் முனகல்.

பேரிங் போயிருச்சாம்.
எண்ணூற்று ஐம்பது.