அடர்த்தி

ராயப்பேட்டை மாடியறையில் இம்தியாஸ்
சிரிஞ்சால் உறிஞ்சி ஊற்றித் தந்தான்,
ஐந்தைந்து மில்லியாய் மூன்று குப்பிகள்.
முழு பாட்டில் வாங்க
இரண்டு தீபாவளி போனஸ் வேண்டும் எனக்கு.

ஒரே கம்பெனி, ஒரே பெயர்.
ஓ த டாய்லெட்.
ஓ த பர்ஃபம்.
அப்புறம் வெறும் பர்ஃபம்.
முதலாவதன் பெயருக்கு சங்கமித்ரா சிரித்த சிரிப்பு
எதிர் ஃப்ளாட் வரை கேட்டது.
'தண்ணி ஊத்தின பால், பால், சுண்டக் காய்ச்சின பால்,
அவ்ளோதானே?'
அவ்வளவுதான் என்றே நானும் நினைத்தேன்.

திங்கட்கிழமை டாய்லெட்.
வில்லிவாக்கத்தில் ரயில் ஏறும்போது
எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போல் ஒரு பளிச்.
பெரம்பூரில் கொஞ்சம் மிளகு.
பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நின்றபோது
கால்வாய் பெட்டிக்குள் ஏறி
எல்லோர் மேலும் பாரபட்சமில்லாமல் உட்கார்ந்தது.
சென்ட்ரலில் இறங்கினேன்.
சட்டைக்குள் நான் மட்டும் இருந்தேன்.

செவ்வாய், இரண்டாவது.
எங்கள் க்ளெய்ம் பிரிவில் ஏசி எப்போதும் பதினெட்டு.
எலுமிச்சையை ஓரமாய்த் தள்ளிவிட்டு
மதியம் ஒரு மரம் மெல்ல எழுந்து நின்றது.
மூன்று மணிக்கும் ஹெப்சிபா மேடம் தும்மவில்லை.
எங்கள் ஆபீஸில் அதற்குப் பெயர் விருது.

புதன்கிழமை, கத்திரி தொடங்கி நாலாம் நாள்.
'பர்ஃபம் ஒரு அழுத்துக்கு மேல வேணாம்' என்றிருந்தான் இம்தியாஸ்.
கை கேட்கவில்லை. மூன்று.
பக்கத்தில் இருந்தவர் பெரம்பூர் லோகோவில்
ஜன்னலோர இடத்தை விட்டு எழுந்துபோனார்.
மே மாதத்தில் அது சாதாரணத் தியாகமில்லை.
தோல், புகையிலை, ஏதோ பிசின்,
எல்லாவற்றிலும் என் வியர்வை வெல்லமாய்க் கரைய
கழுத்தைக் கட்டிக்கொண்டு
முன்பின் தெரியாத ஒருவன் கூடவே வந்தான்.
பேசின் பிரிட்ஜில் அன்றும் சிக்னல்.
கால்வாய் எட்டிப் பார்த்துவிட்டு
அடுத்த பெட்டிக்குப் போனது.

பழைய தமிழில் நாற்றம் என்றால் நல்ல வாசம்.
பூவின் நாற்றம் என்று கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார்கள்.
எந்த நூற்றாண்டில்,
எத்தனையாவது அழுத்தில்
அந்தச் சொல் முகம் திருப்பிக்கொண்டது?
லிஃப்டில் நான் நுழைந்ததும் எல்லோரும்
மாடி எண்களை ஊன்றிப் படித்தபோது
இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.
ஹெப்சிபா மேடம் ஃபைலை எடுத்துக்கொண்டு
கேன்டீனுக்குப் போய்விட்டார்.

நோட்டில் எழுதினேன்:
முதலாவது இரண்டு மணி நேரம், ஒரு முழம்.
இரண்டாவது ஏழு மணி நேரம், ஒரு மேசை.
மூன்றாவது
இன்னும் முடியவில்லை.

அந்த வாரம் மெட்ரோ தண்ணீர் லாரி வரவில்லை.
'ஒரு தடவை போட்டதுதானே' என்று
புதன்கிழமைச் சட்டை துவைக்காமலே
தேசப்பனின் இஸ்திரி வண்டிக்குப் போனது.
கரிப்பெட்டியின் சூட்டில், தெளித்த நீரில்
அந்த ஆள் மறுபடி எழுந்து உட்கார்ந்தானாம்.
வண்டியில் விரித்த கம்பளியில் இறங்கியவன்
கிளம்பவே இல்லையாம்.

சனிக்கிழமை மாடிப்படியில்
மூன்றாம் வீட்டுப் பெண்ணின் டான்ஸ் கிளாஸ் புடவை,
நைட் டியூட்டி முடிந்து வரும் நர்ஸின் கோட்டு,
வாட்ச்மேன் குணபூஷணத்தின் காக்கி,
ஒவ்வொன்றும் என்னைக் கடந்தபோது
சன்னமாய், மிகச் சன்னமாய்,
எனக்குத் தெரிந்த ஒருவன் தலையசைத்தான்.
எலுமிச்சை இல்லை, புகையிலை இல்லை,
ஓரத்தில் கொஞ்சம் கரிப்புகை.
யாரும் முகம் சுளிக்கவில்லை.

தேசப்பன் துணிமூட்டையைக் கொடுத்துவிட்டு நின்றார்.
'இன்னா சார் அது? கம்பளிய ரெண்டு வாட்டி வெயில்ல போட்டேன், போவல.
மூணாவது வீட்டம்மா ரெண்டு ரூபா சேத்துக் குடுத்தாங்க.
அடுத்த வாரமும் அதே சட்டைய அனுப்பு.'

குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.
அடியில் நாலைந்து அழுத்துக்கு இருக்கும்.