நாலாம் தொட்டிப் பதிவு

ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோட்ட கொட்டகை இது.
வெள்ளையடித்தும் போகவில்லை வாடை.
மழை பிடித்தால் சுவர் அதை நினைத்துக்கொள்ளும்.
நீரோடியிலிருந்து கடலை
நீலப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு வருவான் பெர்க்மான்ஸ்,
ஞாயிறு பூசை போக மீதி நாளெல்லாம்.
"முப்பத்திரண்டு" என்பான் உப்பளந்து,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்ததுபோல.

நாலாம் தொட்டியில் கோமாளி மீன் ஒரு ஜோடி.
இரண்டுக்கும் வெள்ளைப்பட்டை நேராக இல்லை.
வயிற்றில் கிளம்பி, முதுகில் தொலைந்து,
வால்பக்கம் வேறெங்கோ எழும்பும்.
களியக்காவிளையில் எல்லைக்கல் தேடிப்போனால்
இப்படித்தான்:
அடுப்படி தமிழ்நாடு, கிணறு கேரளம்,
நடுவே ஒரு கோழிக்கூடு, யாருடையதோ.
கொச்சியில் இதற்குப் பிக்காசோ என்று பெயர்.
நான் கோணப்பட்டை என்றே எழுதுகிறேன்.

மண்சட்டியின் உள்பக்கம் முட்டை ஒட்டும்.
முதலில் ஆரஞ்சு, அப்புறம் பழுப்பு,
ஏழாம் நாள் வெறும் கண்.
சட்டி முழுக்க வெள்ளிக் கண்கள்.
என்னைப் பார்ப்பதாக நினைக்கக் கூடாது, தெரியும்.
நினைப்பேன்.
காவல் அப்பன். துடுப்பால் விசிறுவான்,
வாயால் துடைப்பான்,
செத்ததைச் சத்தமில்லாமல் தின்றுவிடுவான்.

கணக்கு சுலபம்.
கோணலும் கோணலும் சேர்ந்தால்
நாலில் ஒன்று முழுவெள்ளை,
ஒன்று சாதா மூன்றுபட்டை,
மற்ற இரண்டும் பெற்றவர்களைப் போல.
முழுவெள்ளை இரண்டாயிரம் ரூபாய்.
சாதா நூற்றியிருபது.
மாசியில் நூற்றுப்பன்னிரண்டு தேறியது.
இருபத்தெட்டு வெள்ளை வந்திருக்க வேண்டும்.
பத்தொன்பது.
வாக்குச் சுத்தமான கடன்காரன்தான் இந்த மரபணு;
பல வருஷத்தில் பைசா குறையாது,
கேட்ட மாதம் மட்டும் தரமாட்டான்.

ஒரு குஞ்சுக்கு நடுப்பட்டையே இல்லை.
ரத்தமா? பட்டை எழும்பும் நாட்களில்
கரண்ட் போய், தீனி பிந்திய அந்த இரவா?
கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.
அது விற்கவில்லை. நன்றாகத் தின்கிறது.

என் மணிக்கட்டிலும் வெள்ளை உண்டு,
புன்னை இலை அகலத்துக்கு.
பாறசாலையிலிருந்து பெண்பார்க்க வந்தவள்
காப்பித் தம்ளரை வாங்கும்போது பார்த்துவிட்டாள்.
"குடும்பத்தில உண்டோ?"
உண்டு என்றோம். தம்ளரைக் கீழே வைத்தாள்.
மொத்தமாக எடுக்கும் நௌஃபலும்
போனில் முதலில் அதைத்தான் கேட்பான்:
"குடும்பத்தில் உண்டோ?"
உண்டு என்றால் ஐந்நூறு கூடும்.

ஆடியில் பெரியவள் செத்தாள்.
பக்கவாட்டில் சாய்ந்து ஒரு நாள், அவ்வளவுதான்.
கோமாளி மீனில் எல்லாம் ஆணாகப் பிறக்கிறது;
வீட்டில் பெரியது பெண்ணாகும்.
துணைக்கு ஒரு சாதாப் பொடியனை விட்டேன்.
அப்பன் தின்றான், தடித்தான்,
பொடியனை மூலைக்கு விரட்டினான்.
விரட்டுகிற விதத்திலேயே தெரிந்தது
இனி "ன்" போட முடியாதென்று.

ஐந்து மாதம் கழித்துப் பதிவேட்டைத் திறந்தால்
தந்தை என்ற கட்டத்தில் இருக்கிறது,
தாய் என்ற கட்டத்தில் எழுத வேண்டியது.
போன சட்டிக்கு அப்பன், இந்தச் சட்டிக்கு அம்மை.
அடித்து எழுதினால் பழையது பொய்யாகும்.
ஒரு அம்புக்குறி போட்டேன்.
பெர்க்மான்ஸ் எட்டிப்பார்த்து,
"இதை செக்போஸ்ட்டில கேட்டா என்ன சொல்லுவ விஜிலா?"
என்று சிரித்தான்.

இந்த ஜோடியில் முழுவெள்ளை வராது.
பாதி கோணல், பாதி சாதா.
நௌஃபலிடம் இன்னும் சொல்லவில்லை.
இன்று ஏழாம் நாள்.
பொடியன் விசிறிக்கொண்டே இருக்கிறான்,
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
இருட்டினால்தான் பொரியும்.
விளக்கை அணைத்துவிட்டு
வாசலில் நிற்கிறேன்,
கையில் பேனா.