இரண்டாம் மாடி ஏசித் தண்ணீர்

பாசிகாட்டிலிருந்து வந்த தாயெங்,
மனைவி யாலம் வார்டில் கிடந்த நாள்களில்,
ஈரத்துணியில் முடிந்த எட்டு விதை கொடுத்தார்.
வாடகைப் பாக்கிக்கு இல்லை, சும்மா.
தோக்கோ என்றார். பனை ஜாதியாம்.
ஓலைதான் அவர் ஊரில் கூரை.
அங்கே மழை
கேட்டுக்கொண்டு வருவதில்லையாம்.

இங்கே சைதாப்பேட்டையில்
கார்ப்பரேஷன் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை.
போர் தண்ணீர் குடத்தில் வெள்ளையாய்ப் படியும்.
மலைப்பாறை ராத்திரியிலும் சுட்ட மே மாதத்தில்
ஏழு முளை கருகின.

எட்டாவதை, வைக்க வேறு இடமில்லாமல்,
ஏசிக் குழாய்க்குக் கீழே நகர்த்தினேன்.
சொட்டு.
சொட்டு.
மூன்றாம் வருஷம்
கொசுவம் கலையாத ஒரு விசிறி.
சொல்லலாமென்றால்
தாயெங்கின் நம்பர் உபயோகத்தில் இல்லை.

பிறகுதான் கணக்குப் போட்டேன்.
அறையில் இருப்பவர்கள் விட்ட மூச்சு,
காயப்போட்ட துண்டு, கஞ்சியின் ஆவி,
வாய்பொத்திய அழுகை,
எல்லாவற்றையும் பிழிந்துதான்
அந்தப் பெட்டி இதை இறக்குகிறது.
அகர்தலா, தன்பாத், மால்டா
எல்லாம் இந்த வேரில்.

அறை காலியானால் ஏசி நிற்கும், மண் வெடிக்கும்.
ஒரு செடிக்காக
யாருக்காவது நோய் வரட்டும் என்று
போன சனிக்கிழமை நினைத்துவிட்டேன்.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இப்போது ஆளில்லாத மதியங்களில்
இருபத்துநாலில் வைத்து
நானே போய்ப் படுத்துக்கொள்கிறேன்.
கரண்ட் பில்லைப் பார்த்து
கதவருகே நின்று கத்துகிறார் என் வீட்டுக்காரர்.
உள்ளே வந்து கத்துங்கள் என்கிறேன்.
அதுவும் கீழே இறங்கும்.