மூன்றாவது சொல்

"மூணு வார்த்தை சொல்றேம்மா, மனசுல வச்சுக்குங்க,
அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேப்பேன்" என்றார்
செக்காலை ரோட்டு மருத்துவர்.
என் மகனைவிட இளையவர். பையில் இரண்டு பேனா.

பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாய்க் கழிக்கச் சொன்னார்.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது...
அவர் சரிபார்த்து முடிக்குமுன்
இரண்டில் வந்து நின்றேன்.
கடிகாரம் வரைந்தேன். பதினொன்று பத்துக்கு முள் வைத்தேன்.
"இப்ப அந்த மூணும் சொல்லுங்க."

புடலங்காய். சாவி.

அப்புறம் ஒரு வெள்ளை.

முப்பத்தொரு வருஷம்
காரைக்குடித் தபாலாபீசில் கடிதம் பிரித்தவள் நான்.
பள்ளத்தூருக்கு ஒரு கட்டு, கோட்டையூருக்கு ஒரு கட்டு,
கண்டனூரும் புதுவயலும் இடது கைப்பக்கம்.
பினாங்கிலிருந்து வரும் உறையில்
'மெ.சித.ராம. வீடு, நடுவீதி' என்று மட்டும் இருக்கும்.
ஊரை எழுத மறந்திருப்பார்கள்.
எந்த மெ., எந்த சித., எந்த ஊர் நடுவீதி என்று
பசை காய்ந்த என் விரலுக்குத் தெரியும்.
இன்றைக்கு ஒரே ஒரு சொல்,
என் கையிலேயே கொடுத்தது,
எந்தப் பொந்தில் போட்டேனோ.

"நான் சொல்லட்டுமா?" என்றார் இவர்,
பக்கத்து நாற்காலியில் இருந்து எல்லாம் கேட்டவர்.
"வாயைத் திறந்தா ராத்திரிக்கு உப்புமாதான்."

ஆட்டோ திங்கட்சந்தை நெரிசலில் நின்றது.
முறம்? இல்லை.
கருவாடு? இல்லை.
தாம்புக்கயிறு, பூசணி, எலிப்பொறி?
ஒவ்வொன்றாய் எடுத்து
உறையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்து
வைத்துவிட்டேன்.

மறுநாள் குளிக்கையில் 'அரக்கு' என்று ஒன்று வந்தது.
முத்திரை குத்தும் அரக்கு. உருகும் வாசனையோடு.
அதுவும் இல்லை.
ஆனாலும் எத்தனை வருஷம் ஆயிற்று அதைப் பார்த்து!
அதை வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை ஒரு நோட்டு வாங்கினேன், நாற்பது பக்கம்.
அகர வரிசையில் தேடினால் அகப்படும் என்று
அடுப்பில் பால் பொங்க
அம்மி, ஆணி, இஞ்சி, ஈட்டி.
'ஔ'வில் மட்டும் ஒருநாள் போயிற்று.
ஔவை, ஔடதம். அப்புறம்?
இவர் பேப்பருக்குப் பின்னால் இருந்து
தெரிந்தவர் சிரிப்பு ஒன்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை, 'ந' வரைக்கும் வந்து,
தோற்றுப்போனேன்.
பணியாரத் தட்டை அவர்முன் வைத்தேன்.
"சரி. சொல்லித் தொலைங்க."

பேப்பரை மடித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்ததையே துடைத்தார்.
மிளகாய்த் துவையலை விரலால் தொட்டு
தட்டில் ஒரு கோடு இழுத்தார்.

"எனக்கும் தெரியலை சௌந்தரம்."

"எப்பலேருந்து?"

"ஆட்டோவிலேயே."

சிரித்தேன். புரையேறும் அளவுக்குச் சிரித்தேன்.
பிறகு அவர் சிரிக்கவில்லை என்று பார்த்து
நிறுத்தினேன்.
மருத்துவர் நம்பர் அட்டை
குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்கு அடியில் இருக்கிறது.
இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.
யாரும் எழவில்லை.

நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டேன்.

"உயிர் உள்ளதா?"
"இல்லைன்னு நினைக்கிறேன்."
"வீட்டுக்குள்ள இருக்கிறதா, வெளியிலயா?"
"ரெண்டும்."
"கையில பிடிக்கலாமா?"
"பிடிக்கலாம்... இரு, இரு,
அது சாவி."