நாலு அங்குலம்

முதற் கார் செய்தவனுக்கே பிடிக்கவில்லையாம்.
ஒடுங்கல்.
நடுவால் அரிவித்து
இரண்டு பாதியையும் விலத்தி விலத்திப் பார்த்து
நாலு அங்குலத்தில் காணும் என்றானாம்.
மொறிஸ் மைனர் பொனற்றில்
மூக்குவரை இறங்கும் பட்டை
அந்த வெட்டின் அடையாளம்.

ஒட்டுசுட்டானுக்கு அது வரும்போது
லொக் புத்தகத்தில் ஐந்து பெயர்.
கொழும்பில் ஒரு டாக்குத்தர்,
சிலாபத்தில் தென்னந்தோட்டக்காரர்,
மன்னாரில் கருவாட்டு முதலாளி,
(அந்த மணம் போகவே இல்லை)
வவுனியாவில் இருவர், எழுத்து விளங்காது.
ஆறாவது வரியில் என்ரை மனுசன்:
க. நேசரத்தினம், ஹயர்.

பெற்றோல் மருந்துபோல் வந்த காலம்.
சம்போப் போத்தலில் இருந்து சொட்டுச் சொட்டாய்
காபுரேற்றரின் வாய்க்குள்,
பிறகு மண்ணெண்ணெய்.
இருமிக் குலுங்கி வெள்ளைப் புகை கக்கி
பிள்ளைப்பேற்றுக்கு, சாமத்தியத் தட்டுக் காவ,
பாம்பு கடித்தவனை மாங்குளம் கொண்டோட.
சோறும் மண்ணெண்ணெய் மணக்கும், நான் ஏசுவேன்.
"கார்தானே சோறு போடுது" என்பார்.
அதுவும் உண்மை.

புத்தகத்தில் ஆசனம் நாலு.
கடைசி ஓட்டத்தில் பதினொரு பேர்,
ஒரு தையல் மெஷின்,
கால் கட்டின கோழி இரண்டு.
சின்னவள் மேகலா இருந்தது
எனக்கும் கதவுக்கும் நடுவில்,
ஒரு நாலு அங்குலம்.
அந்த வெள்ளைக்காரன் அரிந்திராவிட்டால்
ஆரை இறக்கியிருப்போம் என்று
இப்பவும் சில இரவில் கணக்குப் பார்க்கிறேன்.
என் பெயர் ஒருநாளும் வரவில்லை.

இரணைப்பாலையில்
திறப்பை அதிலேயே விட்டிட்டு இறங்கினார்.
"ஆருக்கும் தேவைப்பட்டால் எடுக்கட்டும்."
அரைப் போத்தல் மண்ணெண்ணெய் மிச்சம்.

பிறகு ஒருநாள், கறல் மலை.
பஸ்ஸுக்கு மேல் லொறி,
லொறிக்குக் கீழ் சைக்கிள்கள், முள்ளும் கொடியும்.
பதிகிறவர் ஆதாரம் கேட்டார்.
புத்தகம் இல்லை. அவரும் இல்லை.
ட்ரக்டர் பெட்டி ஒன்று மேலே குந்தியிருக்க
பட்டை மடிந்து உள்ளே போய்
கதவும் கதவும் கிட்ட வந்திருந்தன.
விரலால் அளந்து பார்த்தேன்.
பிறகு தலையை உள்ளே விட்டேன்.

"கருவாடு மணக்குது. எங்கடைதான்."

அவர் சிரிக்கவில்லை.
பேனையைக் காதில் செருகிவிட்டு
தானும் குனிந்து
மணந்து பார்த்தார்.